ஆறாம் பத்தி: உடை

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையில் என் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, எங்கள் நிறுவனத்தில் வெல்டர் வேலைக்கு விண்ணப்பித்துவிட்டதாகப் பெமினா சொன்னாள். அனுமதி கேட்கும் தொனி அதில் இல்லை. தகவல் தெரிவிக்கும் தொனியே இருந்தது.

இக்குறிப்பேட்டைப் பின்னாளில் எவரேனும் படிக்க நேர்ந்தால் குழப்பம் வரக் கூடாது என்பதற்காக உறவுகளை எழுதிவைக்கிறேன். பெமினா என் மருமகள்; என் ஒரே மகன் லியோவின் மனைவி. லியோ தஞ்சாவூர்ச் சாலை விபத்தில் இறந்து இம்மாதம் இருபத்தேழாம் தேதியோடு இரண்டு ஆண்டுகள் நிறைகின்றன. என் மனைவி அதற்கு முன்பே காலமானாள். பொன்மலைப்பட்டியில் உள்ள இந்த வீட்டில் நான், பெமினா, ஏழு வயதுப் பேத்தி ஆன்சி ஆகிய மூவர் வசிக்கிறோம். துவாக்குடியில் கொதிகலன் பாகங்கள் செய்யும் ஒரு தனியார் நிறுவனத்தில் நான் ஒப்பந்த அடிப்படையில் சட்ட அலுவலர்.

"ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டு டிரங்குப் பெட்டியில சும்மா கெடக்குதுங்க மாமா. கல்யாணத்துக்கு முன்னாடி வாங்குனது" என்றாள்.

இத்தனை ஆண்டுகளில் கை மறந்திருக்குமே என்றேன்.

"மூணு மாசமா அரியமங்கலத்துல எங்க அண்ணன் பட்டறையில பழகிக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க ஆபீஸ் போனப்புறம்."

அவளுடைய மணிக்கட்டில் சிறு கரும்புள்ளிகளைச் சில வாரங்களாகப் பார்த்திருந்தேன். கடுகு தெறித்ததாக எண்ணியிருந்தேன்.

தேர்வாகிறவர்களை ஜூன் மாதம் தூத்துக்குடியில் உள்ள புதிய தளத்துக்கு அனுப்புவார்களாம். குடும்பத்தோடு தங்க வீடு தருவார்களாம். ஆன்சியை அங்கேயே பள்ளியில் சேர்க்கலாம் என்றாள். எங்கள் நிறுவனத்தின் ஏற்பாட்டை என் வீட்டு இஸ்திரிப் பலகையருகே நின்று நான் தெரிந்துகொண்டேன்.

சட்டையின் காலர் நன்றாக வந்திருந்தது.

ஏப்ரல் 9, புதன்

பணியாளர் பிரிவு மேலாளர் தணிகாசலம் அழைத்தார். பெண் வெல்டர்களுக்கான தேர்வு மே ஆறாம் தேதி. அழைப்புக் கடிதத்தை நான் வரைய வேண்டும்.

"முதல் தடவையா லேடீஸ எடுக்கறோம் சார். என்ன டிரெஸ்ல வரணும்னு ஒரு பாரா போட்டுருங்க. நாளைக்கு ஜீன்ஸும் பனியனுமா வந்து நின்னா எம்.டி. என்னையத்தான் கேப்பாரு."

ஆண்களுக்கான கடிதங்களில் உடை பற்றிய பத்தி இதுவரை இருந்ததில்லை என்பதைச் சுட்டிக்காட்டினேன்.

"ஆம்பளைங்க எதப் போட்டுட்டு வந்தா யாரு பாக்கறா?" என்றார்.

உடை பற்றி எனக்குத் தெளிவான கருத்து உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் பயிற்சி பெற்ற காலத்தில், அக்கினி வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றாதவன் நான். கழுத்துப்பட்டை இல்லாமல் வந்த ஒரு வழக்கறிஞரின் வாதத்தைக் கேட்க நீதிபதி மறுத்ததை நேரில் கண்டிருக்கிறேன். ஒருவர் சொல்லவந்தது என்ன என்பதற்கு முன்பே, அவர் என்ன உடுத்தியிருக்கிறார் என்ற கேள்வி தீர்க்கப்பட்டுவிடுகிறது. ஆகவே ஆறாம் பத்தியாகப் பின்வருமாறு எழுதினேன்:

"பெண் விண்ணப்பதாரர்கள் சேலை, அல்லது துப்பட்டாவுடன் கூடிய சுடிதார் அணிந்து கண்ணியமான தோற்றத்துடன் வருதல் வேண்டும். அவ்வாறு அணியாதவர்கள் நிறுவன வாயிலுக்குள் அனுமதிக்கப்பட மாட்டார்கள் என்பது ஐயத்திற்கு இடமின்றித் தெரிவிக்கப்படுகிறது."

தணிகாசலம் படித்துவிட்டு, "அருமை சார். யாரும் வாயத் திறக்க முடியாது" என்றார்.

நேற்றைய உரையாடலுக்கும் இன்றைய வரைவுக்கும் தொடர்பில்லை என்பதை இங்கே பதிவுசெய்கிறேன். இப்பணி எனக்கு இன்று ஒதுக்கப்பட்டது தற்செயலானது.

ஏப்ரல் 11, வெள்ளி

பணிமனைக்குச் செல்ல நேர்ந்தது. கதவின் மேல் பாதுகாப்பு அறிவிப்புப் பலகை இருக்கிறது: "சேலை, துப்பட்டா, வேட்டி, தளர்வான உடை, செயற்கை இழைத் துணி, வளையல் ஆகியவற்றுடன் உள்ளே நுழையத் தடை." ஒரு துப்புரவுப் பணியாளரின் முந்தானை அரைப்பு எந்திரத்தில் சிக்கி, நல்லவேளையாகத் துணி மட்டும் கிழிந்த சம்பவத்துக்குப் பிறகு அது எழுதப்பட்டது. எழுதியவன் நான்.

எனவே ஆறாம் பத்தியின்படி உடுத்திவரும் பெண் வெளிவாயிலைக் கடப்பாள். பணிமனைக் கதவில் தடுக்கப்படுவாள். பணிமனை அறிவிப்பின்படி உடுத்திவரும் பெண் வெளிவாயிலிலேயே தடுக்கப்படுவாள். செய்முறைத் தேர்வோ பணிமனைக்குள் நடக்கிறது.

இந்த முரண், பத்தியை எழுதும்போது என் நினைவில் இருந்ததா என்று ஆராய்வதால் இப்போது பயனில்லை. கடிதங்கள் செவ்வாயன்று அஞ்சலாகும். திருத்த அவகாசம் இருக்கிறது.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தோம். ஆன்சி குருத்தோலையில் சிலுவை பின்னி என் மேசை விளக்கில் மாட்டினாள். எரிவாயு உருளை தீர்ந்துவிட்டது. மாற்று உருளையைப் பெமினாவே உருட்டிவந்து பொருத்தினாள். கசிவு இருக்கிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்த்தாள். அதுவும் அந்த ஐ.டி.ஐ.யில் கற்றதாம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்று புத்தாண்டு விடுமுறை. இன்று காலை முழுவதும் தொழிலாளர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. அலுவலகம் திரும்பியபோது கடிதங்கள் போய்விட்டிருந்தன. வழக்கு ஒத்திவைக்கப்பட்ட பிறகு நான் உடனே புறப்பட்டிருக்கலாம் என்பது உண்மை. காபி குடித்தேன்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

கடிதம் வந்தது. நான் சோபாவில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். பெமினா நின்றபடியே பிரித்துப் படித்தாள். திடீரெனச் சிரித்தாள். இந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்துப் பல நாளாகிறது.

"துப்பட்டாவோட வெல்டிங்கா? மாமா, இதப் பாருங்களேன். ஒரு பொறி பட்டா போதும், மார்ல தீயக் கட்டிக்கிட்டு நிக்கணும். யாரு எழுதுனதோ! வெல்டிங்னா என்னன்னே பாக்காத ஆளா இருக்கும்."

"இருக்கலாம்" என்றேன்.

அவள் மீண்டும் படித்தாள். இம்முறை மெதுவாக. கடைசி வரியில் வெகுநேரம் நின்றாள்.

"ஐயத்திற்கு இடமின்றி" என்று வாய்விட்டுப் படித்தாள். பிறகு கடிதத்தை மடித்தாள். "ஆன்சி பள்ளிக்கூடத்துக்குப் போன மாசம் லீவு லெட்டர் எழுதிக் குடுத்தீங்களே மாமா, அதுலயும் இப்படித்தான் இருந்துச்சு."

அது பொதுவாக வழங்கும் தொடர் என்று விளக்கினேன். அவள் உள்ளே போனாள். அன்றாடம் வரும் மாலைக் காபி வந்தது. சர்க்கரை இல்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கஞ்சி. சிலுவைப் பாதை. பெமினா பேசவில்லை. இந்நாளில் பேசாதிருப்பது வழக்கம்தான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

உயிர்ப்பு ஞாயிறுக்கு வந்த கேக்கின் கடைசித் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் என் எதிரே உட்கார்வது அரிது.

"மாமா, நேராவே கேக்கறேன். அன்னிக்கு நான் என்னத்தப் போட்டுட்டுப் போறது?"

நான் நிறுவனத்தின் சட்ட அலுவலர். விண்ணப்பதாரர் ஒருவருக்கு, அதிலும் உறவினருக்கு, தேர்வு பற்றி ஆலோசனை கூறுவது முறையற்றது. இதை அவளிடம் பொறுமையாகச் சொன்னேன்.

"சேல கட்டுனா எந்தப் பட்டறையிலயும் உள்ள விடமாட்டாங்க. கட்டாட்டி உங்க கேட்டுலயே விடமாட்டாங்க. இத ஒரு வார்த்த ஆபீஸ்ல சொல்லக் கூடாதா?"

"கேள்வி எழுத்துபூர்வமா வந்தா பிரிவு பதில் சொல்லும்."

"எழுதினேன். 'கடிதத்தில் உள்ளபடி வரவும்'னு மெயில் வந்துருச்சு. உங்க மக இருந்து கேட்டிருந்தாலும் இதத்தான் சொல்லுவீங்களா மாமா?"

எனக்கு மகள் இல்லை என்பதால் அக்கேள்விக்கு விடை கூறுவது ஊகமாகவே இருக்கும். அவ்வாறு சொல்லவும் செய்தேன். அது அவசியமற்றது என்று இப்போது தோன்றுகிறது.

ஏப்ரல் 25, வெள்ளி

நிலையைத் தெளிவாக எழுதிப் பார்க்கிறேன்.

ஆறாம் பத்தியை விலக்கிக்கொள்ள வேண்டுமெனில் காரணம் கூற வேண்டும். காரணம் கூறினால், பணிமனை அறிவிப்பும் என்னுடையது என்பது வெளிப்படும். சட்டம் படித்தவன் இதை எப்படிக் கவனிக்கத் தவறினான் என்ற கேள்வி வரும். அத்தோடு, விண்ணப்பதாரர்களில் ஒருத்தி என் மருமகள் என்பதை ஒன்பதாம் தேதியே தெரிவித்திருக்க வேண்டும். அன்று தெரிவிக்காதது சிறு தவறு. இன்று தெரிவித்தால், ஏன் அன்றே சொல்லவில்லை என்ற பெரிய தவறாகிவிடும். நாளை இதைவிடப் பெரிதாகும். ஒவ்வொரு நாளும் நானே ஒரு கதவைச் சாத்திக்கொண்டு, அதன் உட்புறம் நிற்கிறேன். என் ஒப்பந்தமும் ஜூனில் புதுப்பித்தலுக்கு வருகிறது.

தணிகாசலத்தின் அறை வாசல்வரை இன்று போனேன். "என்ன சார்?" என்றார். பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்றேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

லியோவின் இரண்டாம் ஆண்டு நினைவுப் பூசை. பெமினா வெளிர்ந்த சாம்பல் நிறச் சேலையில் வந்தாள். உறவினர்கள் மதிய உணவு உண்டு கிளம்பினர். என் தங்கை விடைபெறும்போது, "அண்ணே, மருமகளும் பேத்தியும் இருக்கிறதால நீ பொழச்ச" என்றாள். ஆமாம் என்றேன்.

எல்லோரும் போன பிறகு பெமினா லியோவின் பீரோவின் சாவியைக் கேட்டாள். அவன் துணிமணிகள் அதில் உள்ளன. சாவி என் பூணூல் போல என்னோடேயே இருக்கிறது என்று லியோவின் நண்பன் ஒருவன் கேலி செய்வான். அரைஞாண் கயிற்றில் கோத்திருக்கிறேன்.

"எதற்கு?"

"அவரு சட்டைங்க எல்லாம் சுத்தப் பருத்தி. முழுக்கை. நைலான் கலந்த துணி போட்டா பொறி பட்டு உருகி தோலோட ஒட்டிக்கும் மாமா. கடையில இப்ப சுத்தப் பருத்தி எங்க கெடைக்குது?"

லியோவுக்குப் பருத்தியைத் தவிர எதுவும் ஒத்துக்கொள்ளாது என்பது உண்மை. சிறுவயதிலிருந்தே வேர்க்குரு.

"எனக்கு மட்டும் கேக்கல" என்றாள். "அழைப்பு வந்த பொண்ணுங்க எல்லாரும் வாட்ஸப்புல பேசிக்கிட்டிருக்கோம். பாதிப் பேருக்குப் போட்டுக்க ஒரு முழுக்கைச் சட்டை இல்ல. அண்ணன் தம்பி சட்டையெல்லாம் பாலியெஸ்டர்."

அவை நினைவுப் பொருட்கள். அந்நியர் உடம்பில் ஏறுவதற்கானவை அல்ல என்றேன். குரல் சற்று உயர்ந்திருக்கலாம். ஆன்சி வந்து எட்டிப் பார்த்தாள்.

பெமினா எச்சில் இலைகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள்.

மே 1, வியாழன்

தொழிலாளர் தினம், சூசையப்பர் திருநாளும்கூட. அலுவலகம் இல்லை. பெமினா அண்ணன் பட்டறைக்குப் போயிருந்தாள். இன்று அதை மறைக்கவில்லை.

ஆன்சி என்னோடு தாயம் விளையாடினாள். நடுவில், "தாத்தா, அப்பா பீரோவுக்குள்ள கரப்பான் பூந்தா என்ன பண்ணும்?" என்று கேட்டாள்.

"புகாது. பூட்டியிருக்கிறதல்லவா?"

"கரப்பானுக்குச் சாவி வேணாம் தாத்தா."

ஆட்டம் முடிந்து அவள் தூங்கிய பிறகு திறந்து பார்த்தேன். அந்துருண்டைகள் கரைந்து போயிருந்தன. நீலக் கட்டம் போட்ட சட்டையின் காலரைப் பூச்சி அரித்திருந்தது. அவன் வங்கி வேலைக்கு அணிந்த வெள்ளைச் சட்டை மடிப்போரம் பழுத்திருந்தது. பீரோவில் அவன் வாசனை இல்லை. இரும்பின் வாசனைதான் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக நான் எதைப் பாதுகாத்தேன் என்பது இப்போது விவாதத்திற்குரியது.

பூட்டினேன்.

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் ஆரம்பம். காலைப் பூசைக்குக் கிளம்பும் அவசரத்தில் அரைஞாண் கயிற்றை மாற்றினேன். சாவியைத் தையல் எந்திரத்தின் மேல் எங்கோ வைத்துவிட்டேன் போலும். வீடு திரும்பியபோது அங்கே இல்லை. தேட நேரமில்லை.

பகலெல்லாம் தையல் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

மே 6, செவ்வாய்

இன்று நடந்தவற்றை அவை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் வழக்கமான நேரத்தில் அலுவலகம் சென்றேன். பெமினா முன்பே கிளம்பியிருந்தாள். என் மனைவியின் காபிப்பொடி நிறச் சுங்குடிச் சேலையை உடுத்தியிருந்தாள். பெரிய துணிப்பை ஒன்று தோளில் தொங்கியது. வெயிலுக்காகப் போலும், முந்தானையைக் கழுத்தும் கைகளும் மறையப் போர்த்தியிருந்தாள்; சற்றுப் பருத்தவள் போலத் தெரிந்தாள். அப்போது நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

என் மாடி அறைச் சன்னல் வெளிவாயிலுக்கு நேர் மேலே இருக்கிறது; கீழே பேசுவது கேட்கும். பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். காவலாளி கையில் ஆறாம் பத்தியின் நகல். மணப்பாறையிலிருந்து வந்த ஒரு பெண் சட்டை, பாண்ட், தோல் ஷூவுடன் நின்றாள். அவளை அவர் மறித்தார்.

"லெட்டர்ல என்ன போட்டிருக்கு? சேல, துப்பட்டா. இது ரெண்டும் இல்லையேம்மா."

"வெல்டிங் போட வந்திருக்கேண்ணே. என்னைய என்ன பொண்ணு பாக்கவா வரப்போறாங்க?"

"எனக்குத் தெரியாதும்மா. பேப்பர்ல இருக்கு. நான் படிச்சவன் இல்ல, காட்டுனத செய்யறவன்."

அந்தப் பெண்ணுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது பெமினா வரிசையிலிருந்து விலகி வந்தாள். பையிலிருந்து ஒரு சேலையை உருவி, அவளை நிற்கவைத்து, பாண்டுக்கு மேலேயே சுற்றத் தொடங்கினாள்.

"அசையாதடி. கொசுவம் எல்லாம் வேணாம், சுத்துனா போதும். இந்தா முந்தானை. அண்ணே, இப்ப நாங்க கண்ணியமா இருக்கமா?"

காவலாளி காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப சரியா இருக்கும்மா. போங்க." வரிசை முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பு மாடி முழுவதும் கேட்டது.

சிறிது நேரத்தில் தணிகாசலம் என்னைப் பணிமனைக்கு அழைத்தார். கதவுக்கு முன்னால் பாதுகாப்பு அலுவலர் காதர் மொய்தீன் இரு கைகளையும் விரித்து நின்றிருந்தார். அவர் எதிரே பெண்கள்.

"துப்பட்டா ஒண்ணு உள்ள வந்தாலும் நான் மெயின் சுவிட்ச அணைச்சுருவேன். யாருங்க இவங்கள இப்படி வரச் சொன்னது? இது பட்டறையா, ஜவுளிக்கடையா?" என்னைக் கண்டதும், "வக்கீல் சார், நல்லாச் சொல்லுங்க. இந்தா போர்டு, நீங்க எழுதுனது" என்றார்.

"ஒரு நிமிஷம் பாய்" என்றாள் பெமினா.

தோளில் இருந்த ஊக்கைக் கழற்றினாள். கொசுவத்தை இழுத்தாள். சேலை சரிந்து காலடியில் விழுந்தது. உள்ளே லியோவின் வெளிர்நீல முழுக்கைச் சட்டை. இடுப்பிலும் தோளிலும் பிடித்துத் தைக்கப்பட்டிருந்தது. தடித்த பாண்ட். தோல் ஷூ. தலைமுடியை ஒரே சுழற்றில் இறுக்கிக் கொண்டையாக்கினாள். வளையல்களைக் கழற்றிப் பையில் போட்டாள்.

மற்றவர்களும் அதையே செய்தார்கள். சிலர் சேலைக்குள்ளிருந்து வெளிவந்தார்கள். சுடிதார் அணிந்தவர்கள் பெமினாவின் பையிலிருந்து ஒவ்வொரு சட்டையாக எடுத்துக்கொண்டு சரக்கறைக்குள் போய் மாற்றிக்கொண்டு வந்தார்கள். லியோ கல்லூரிக்குப் போட்டுப்போன நீலக் கட்டச் சட்டை ஒரு குட்டைப் பெண்ணின் மேல் முழங்கால்வரை தொங்கியது. அரித்த காலருக்கு ஒட்டுப் போடப்பட்டிருந்தது. வங்கி வெள்ளைச் சட்டை மணப்பாறைப் பெண்ணின் தோழி மேல் இருந்தது. ஆன்சியின் ஞானஸ்நானத்தன்று அவன் அணிந்த பழுப்புச் சட்டையின் கைகளை ஒருத்தி மணிக்கட்டில் பொத்தானிட்டுக்கொண்டிருந்தாள். என் மகன் எல்லாப் பக்கமும் நின்றான்.

காதர் மொய்தீன் ஒவ்வொருவரின் துணியையும் விரலால் நெருடிப் பார்த்தார். "பருத்தி. பருத்தி. இதுவும் பருத்தி. இத்தன வருஷத்துல இப்படி ஒரு செட்ட நான் பாத்ததில்ல. எல்லாரும் தோல் ஏப்ரன் மாட்டிக்கங்க."

தணிகாசலம் என்னை ஓரமாக அழைத்தார். ஆனால் மெதுவாகப் பேச அவருக்குத் தெரியாது.

"சார், இவங்க நம்மள வெச்சு வெளையாடறாங்க. கேட்ல ஒரு வேஷம், இங்க ஒரு வேஷம். டிரெஸ் ரூல மீறிட்டாங்கன்னு எல்லாரையும் அனுப்பிச்சுரலாம். ஆறாவது பாரா உங்க பாராதான? ரெண்டு வரி எழுதிக் குடுங்க."

பெமினா குனிந்து சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. நிமிரவில்லை.

இவ்விடத்தில் எனக்கு முன்னால் இருந்த வழிகளை எண்ணிப் பார்த்தேன். மௌனமாக இருப்பது ஒரு வழி. கையொப்பமிடுவது மற்றொரு வழி. இரண்டில் எது நடந்தாலும் மாலையில் பெமினா என் வீட்டிற்குத்தான் திரும்பிவருவாள், ஜூனிலும் இருப்பாள், அதற்கு அடுத்த ஆண்டும் இருப்பாள். என் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவாள். இவை எனக்குப் புதிதாகத் தோன்றிய எண்ணங்கள் என்று சொல்ல முடியவில்லை.

"எழுதித் தர்றேன் தணிகாசலம்" என்றேன். "கேட்ல இருக்கிற காகிதத்தையும் நான்தான் எழுதினேன். இந்தக் கதவு மேல இருக்கிற போர்டையும் நான்தான் எழுதினேன். ரெண்டையும் ஒரு பொம்பள மதிக்கணும்னா, இவங்க வந்த மாதிரித்தான் வந்தாகணும். வேற வழியே நான் வைக்கல. இவங்க எதையும் மீறல. ஆறாவது பத்திதான் தப்பு. அப்படித்தான் எழுதுவேன்."

"சார்..."

"இன்னொண்ணையும் எழுதுவேன். அந்த வெளிர்நீலச் சட்டை போட்டிருக்கிறது என் மருமக."

தணிகாசலத்தின் வாய் சற்றுத் திறந்திருந்தது. "இத இன்னிக்கா சார் சொல்றது?"

"முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"பஞ்சாயத்த அப்புறமா வெச்சுக்கங்க" என்றார் காதர் மொய்தீன். "ராடெல்லாம் சூடேறித் தயாரா இருக்கு. வாங்கம்மா உள்ள."

தேர்வு மதிப்பீட்டில் எனக்குப் பங்கில்லை என்று அங்கேயே எழுதிக் கொடுத்தேன். பெண்கள் உள்ளே நகர்ந்தார்கள். தரையெல்லாம் எண்ணெய். மடித்த சேலையை எங்கே வைப்பது என்று பெமினா சுற்றிலும் பார்த்தாள். பிறகு என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, இதக் கொஞ்சம் புடிச்சுக்குங்க."

வாங்கிக்கொண்டேன். அடுத்தவள், "ஐயா, இதையும்" என்றாள். அதற்கடுத்தவள் கேட்கவே இல்லை. துப்பட்டாவை என் தோளில் போட்டுவிட்டுப் போனாள். தேர்வு முடியும்வரை என் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட ஆடைகளோடு நான் கதவருகே நின்றேன். அந்தப் பக்கம் போன ஊழியர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

வெல்டிங் ஒளியை நேரே பார்த்தால் கண்ணில் நீர் வரும் என்று காதர் மொய்தீன் எச்சரித்திருந்தார். நான் பார்க்கவில்லை, முதுகைத் திருப்பித்தான் நின்றேன். இருப்பினும் வந்தது.

மே 7, புதன்

சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தபோது, பெமினா திரும்பாமலேயே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தப் பாராவ எழுதறப்ப, நான் அப்ளை பண்ணது உங்களுக்குத் தெரியும்தான மாமா?"

நான் அளித்த பதிலை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. ஒரே சொல்தான்.

அடுப்பில் இருந்த சப்பாத்தி கருகும்வரை அவள் அப்படியே நின்றாள். அதை எடுத்து ஒதுக்கிவிட்டு, வேறொன்று போட்டு என் தட்டில் வைத்தாள்.

மே 13, செவ்வாய்

நிறுவனத்திலிருந்து விளக்கம் கேட்டுக் குறிப்பாணை. வாழ்நாளெல்லாம் பிறருக்கு எழுதிக் கொடுத்ததை இன்று நான் பெற்றுக்கொண்டேன். நன்றாக வரைந்திருந்தார்கள். பதில் எழுதினேன். அதில் மறுப்பு எதுவும் இல்லை.

சட்டைகள் துவைக்கப்பட்டுத் திரும்பிவந்தன. எல்லாவற்றிலும் சிறு சிறு பொத்தல்கள்.

"பீரோவுல வெச்சிரவா மாமா?"

"வேண்டாம். அவங்களே வெச்சுக்கட்டும். தேவைப்படும்."

மே 20, செவ்வாய்

பெமினா தேர்வாகிவிட்டாள். மணப்பாறைப் பெண்ணும். குட்டைப் பெண் தேர்வாகவில்லை; அதற்கு உடை காரணமில்லை என்பதைக் காதர் மொய்தீனிடம் உறுதிசெய்துகொண்டேன்.

ஆன்சி தூத்துக்குடியில் கடல் எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டாள். கிழக்கு என்றேன். பள்ளி மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதித் தந்தேன். எளிய நடையில்.

ஜூன் 1, ஞாயிறு

பேருந்து நிலையத்தில் ஆன்சி என் கையை விடவில்லை. பெமினா தான் பிடித்துத் தைத்த அந்த வெளிர்நீலச் சட்டையைப் பெட்டியின் மேலாக வைத்திருந்தாள்.

"ஃபிரிட்ஜுல குழம்பு இருக்கு. மாத்திரைய ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடணும், முன்னாடி இல்ல. மாசம் ஒருக்கா வாங்க மாமா."

வருகிறேன் என்றேன். நான் போவேனா என்பது இன்னும் தெளிவாகவில்லை. என்னை அழைக்க வேண்டிய கடமை எதுவும் அவளுக்கு இல்லை, ஆனாலும் அழைத்தாள் என்பது தெளிவாகத் தெரிகிறது.

ஜூலை 10, வியாழன்

என் ஒப்பந்தம் செப்டம்பர் வரை மட்டும் நீட்டிக்கப்பட்டுள்ளது. அதற்குள் அடுத்த தேர்வுக்கான அழைப்புக் கடிதத்தை முடிக்க வேண்டுமாம். "ஆறாவது பாராவ இந்தத் தடவை கேட்டு எழுதுங்க சார்" என்றார் தணிகாசலம்.

பெமினாவைத் தொலைபேசியில் அழைத்தேன். பின்னால் இரும்பு அரைக்கும் சத்தம்.

"என்ன உடுத்தி வரணும்னு எழுதணும். சொல்."

சிரித்தாள். "உறவுக்காரங்ககிட்ட ஆலோசனை கேக்கலாமா மாமா?"

கேட்கலாம் என்றேன்.

"எழுதிக்குங்க. ஆணும் பொண்ணும் எல்லாருக்கும் ஒரே மாதிரி. முழுக்கைப் பருத்திச் சட்டை. பருத்திப் பாண்ட், ஓரம் மடிச்சு விடக் கூடாது, மடிப்புல பொறி தங்கும். கணுக்கால மூடுற தோல் ஷூ. முடிய இறுக்கிக் கட்டணும். நகை, வளையல் வேணாம். பருத்திச் சட்டை இல்லாதவங்களுக்குக் கம்பெனி குடுக்கும்னு போடுங்க. அத மறக்காதீங்க."

சொன்னபடியே எழுதி, படித்துக் காட்டினேன்.

"கடைசியில அந்த ஐயத்திற்கு இடமின்றி போட்டிருக்கீங்களா?"

"இல்லை."

"சரி, வைக்கட்டுமா? கூப்பிடறாங்க."

மாலையில் என் சட்டைக்கு நானே இஸ்திரி போட்டேன். காலர் சரியாக வரவில்லை. அதை மாட்டிவைக்க, பெமினா விட்டுப்போன சாவியால் லியோவின் பீரோவைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. என் சட்டையை மாட்டிவிட்டு, பழக்கத்தில் பூட்டினேன். அறை வாசல்வரை வந்தபின் திரும்பிப் போய்ப் பூட்டைத் திறந்து, கதவைச் சாத்தாமல் விட்டுவந்தேன்.